பதினொரு சட்டை

இல்லைங்க மேடம், ஆறு இல்ல. அஞ்சு பேருன்னு எழுதுங்க. புள்ளைக்கு வலிப்பு வந்த அன்னிக்கு வீட்டுல இருந்தது என் தம்பி, அவன் பொண்டாட்டி, ஏழு வயசுப் பெரியவன், ரெண்டரை வயசுச் சின்னது, நான். பக்கத்து வீட்டுக்காரி சத்தம் கேட்டு வந்தா, ஆனா படியோட நின்னுட்டா. படிக்கு வெளிய நின்னவள எப்படிக் கணக்குல சேக்கறது?

தண்ணி குடிங்க, சுகாதார ஆபீசுலேருந்து வெயில்ல வந்திருக்கீங்க. குழாய்த் தண்ணிதான். புள்ளை ரத்தத்துல ஈயம் இருக்குன்னு தெரிஞ்சதும், தண்ணியில கலந்திருக்கான்னு இதையும் ரெண்டு பாட்டில் பிடிச்சுட்டுப் போனாங்க. ஒண்ணும் இல்லன்னுட்டாங்க, தைரியமாக் குடிங்க.

சின்னதையா? வாயாடின்னுதான் கூப்பிடுவோம். எங்கக்கா வாயத் தொறக்க மாட்டா, அவளுக்கும் சேத்து இது பேசட்டும்னு என்னைச் சொல்லித் தம்பி வெச்ச பேரு.

காரணம்னு இருக்கிற எடத்துல தம்பி வேலையை எழுதிட்டீங்களா? இன்னும் இல்லையா? கொஞ்சம் பொறுங்க.

அவன் பழைய பேட்டரி உடைக்கிற பட்டறையில இருந்தவன்தான். பதினாலு வருஷம். ஆனா அங்கேயே குளிச்சு, உடுப்ப அங்கேயே அலசிப் போட்டுட்டு, வேற சட்டை மாட்டிக்கிட்டுத்தான் வீட்டுக்கு வருவான். நகக்கண்ணுல கூடக் கறுப்பு இருக்காது. என்னைவிடப் பதினாறு வயசு சின்னவன், நான் தூக்கி வளத்தவன், எனக்குத் தெரியாதா? இப்ப வேலைய விட்டுட்டான். புள்ளையத் தொடறதில்ல. கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு எட்ட நின்னு பாக்கறான். அது கை நீட்டினா வெளிய போயிடறான். நீ சம்பாரிச்சுக் கொண்டாந்தது இதுதானான்னு அவன் பொண்டாட்டி ஒரு தடவை கேட்டா. அதோட அவங்க ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னுபோச்சு. உங்க காகிதம் வந்ததும் ரெண்டு புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போறதா இருக்கா.

பெரியவங்கள இது அவ்வளவா ஆட்டாதாம், டாக்டர் சொன்னாரு. வளர்ற உடம்பு சுண்ணாம்புச் சத்துக்கு ஆலாப் பறக்குமாம். ஈயம் அந்த வேஷத்துல வந்தா ஆள் தெரியாம உள்ள விட்டுடுமாம். அந்த வயசுல மூளை அப்பத்தான் பூசின சுவராம். ஈரத்துல விரல் பட்டா தடம் நின்னுபோயிடுமாம்.

ஆமா, எனக்கும் ரத்தம் எடுத்தாங்க. இருந்துச்சு. தம்பியவிடக் கூடவே இருந்துச்சு. ஏன்னு நீங்கதான் மொதமொதல்ல கேக்கறீங்க.

பட்டறையில மத்தவங்க சட்டைய நான் கூலிக்குத் துவைச்சுக்கிட்டிருந்தேன் மேடம். வாரத்துக்குப் பதினொரு சட்டை. அப்படியே நனைச்சா ஆறு வாளித் தண்ணி வேணும், உதறிட்டு நனைச்சா மூணு போதும். மொதல்ல வாசல்லதான் உதறிக்கிட்டிருந்தேன். உன் கரியெல்லாம் என் கொடித் துணியிலதான் வந்து உக்காரணுமான்னு பக்கத்து வீட்டுக்காரி தெருவே திரும்பிப் பாக்கக் கத்தினா. எனக்குச் சண்டை போட வராது. அன்னியிலேருந்து, தம்பியும் பொண்டாட்டியும் வேலைக்குக் கெளம்பினதும், கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே உதறினேன். இதோ, நீங்க உக்காந்திருக்கீங்களே, இந்த எடத்துலதான். பத்து மாசம். பெரியவன் பள்ளிக்கூடத்துல இருப்பான். சின்னது என் கூடத்தான். கீழ விழுந்த தூசியில விரலால கோடு போடும், அந்த விரலையே வாயில வெச்சுக்கும். நான் கை பாட்டுக்கு உதறிக்கிட்டே, இது காலரு, இது பித்தான், இது பைன்னு சொல்லிக் குடுப்பேன்.

ஏன் எந்திரிச்சுட்டீங்க? நாலு தடவை கழுவி விட்டாச்சு. உக்காருங்க.

காரணத்துல என்னை எழுதுங்க. அத்தைன்னு எழுதுங்க. அவன்கிட்டயும் அவகிட்டயும் நீங்களே படிச்சுக் காட்டிடுங்க. என் வாயில வராது.

எப்பலேருந்து மாற்றம் தெரிஞ்சுதுன்னு ஒரு கேள்வி இருக்குல்ல? வலிப்பு வந்த அன்னிக்குன்னு புள்ளையோட அம்மா சொல்லியிருப்பா. அத அடிச்சுடுங்க. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாலயே. அது பேசற வார்த்தைய நான் எண்ணுவேன், அது என் பழக்கம். நூத்தி நாப்பத்திரெண்டு இருந்துச்சு. அப்புறம் பாத்தா நூத்திப்பத்து. அப்புறம் எழுபத்தாறு. பெத்துப் பாக்காதவளுக்கு என்ன தெரியும்னு கேட்டுடுவாளோன்னு சும்மா இருந்துட்டேன்.

இன்னிக்கு நீங்க வர்றதுக்கு முன்னால எண்ணினேன். பதினேழு.