படத்தில் நின்றவர்

காலடிப்பேட்டையில் நான் ஏறிய ஷேர் ஆட்டோவில் எதிர் சீட்டில் இரண்டு பேர். காக்கிச் சட்டைக்காரர் பக்கத்தில் இருந்தவரின் கேமராவை வாங்கிப் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

“இன்னா மச்சான், கரண்ட் கம்பி, பொகை எல்லாத்தையும் அப்டியே வுட்டுக்கீற?”

“இனிமே எதையும் தொடைக்கறதில்ல மாமு. ஒரு ஆளையே தொடச்சிட்டேன்,” என்றார் கேமராக்காரர்.

“எந்தப் படத்துல?”

“டீக்கடையில மாட்டிக்கீதே, எண்ணூர் ஆறு. அதுல ஒரு பெரியவரு இடுப்பளவு தண்ணியில நின்னு, கையால இறால் தடவிகினு இருந்தாரு. வெறும் தண்ணியா இருந்தா அயகா இருக்கும்னு தூக்கிட்டேன்.”

“நல்லாத்தானே கீது.”

“அவரு போன மாசம் செத்துப் பூட்டாரு. அவர் பொண்ணு ஸ்டுடியோவுக்கு வந்துச்சி. ‘எங்கப்பாவைப் போட்டோ எடுத்தீங்களாமே, வூட்ல சொல்லிச் சொல்லி சந்தோசப்பட்டாரு’ன்னுச்சி. அதுங்கிட்ட ஆதார் கார்டு படம் மட்டுந்தான் கீதாம்.”

“தொடைக்காத படம் இல்லியா?”

“கேமரா மெமரி கார்டுல எடம் பத்தலன்னு அப்பவே டெலிட் பண்ணிட்டேன்.”

ஆட்டோ ஒரு கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் நின்றது.

“அதுங்கிட்ட இன்னா சொன்ன?”

“அந்தப் படத்தையே காட்டினேன். தண்ணியில ஒரு எடத்துல விரலை வெச்சி, ‘இங்கதானே நின்னாரு’ன்னு கேட்டுச்சி. கரெக்டா அங்கதான் நின்னாரு.”

“அதுக்கு எப்டித் தெரியும்?”

“அவரைச் சுத்தி வட்டம் வட்டமா அலை இருந்துச்சி. அது மட்டும் அயகா கீதுன்னு வுட்டுட்டேன், மாமு.”