சடுகுடுவில் செத்தவன்

அறுபதுகளில் ஒருநாள், அனந்தபுரத்திலிருந்து செஞ்சி போகும் பஸ்ஸில், முன்சீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்டேன். தப்புதான், ஒப்புக்கொள்கிறேன்.

“எம் புள்ளைய போர்டுல சாவடிச்சிட்டீங்களே டீச்சர்,” என்றாள் ஒருத்தி.

“அது சடுகுடு கதைம்மா. ஆட்டத்துல அவுட்டானா செத்தான்னுதானே சொல்றது. ஒண்ணாங்கிளாஸ் பசங்க பேரையே போட்டு எழுதுறேன். அப்பத்தான் படிக்க ஆசை வருது.”

“செத்தவன் எதுக்குப் பள்ளிக்கூடம் போவணும்னு அழுவுறான். அவங்க நைனா மாடு மேய்க்க அனுப்புன்றாரு.”

“செத்துட்டான்னு அவனுக்கு யாரு சொன்னது?”

“யாரும் சொல்லல. அவனே படிச்சானாம்.”

டீச்சர் முழுவதுமாகத் திரும்பி உட்கார்ந்தார். “எழுத்துக்கூட்டவே மாட்டானே அவன்?”

“அதெல்லாம் எனக்கின்னா தெரியும்? இப்ப இன்னா பண்றது?”

“நாளைக்கு அனுப்புங்க. போர்டுல மீதிக் கதைய எழுதுறேன், இவன் கட்சிப் பசங்க எதிராளி ஒருத்தனப் புடிச்சிடுவாங்க. செத்தவன் எழுந்து உள்ள வந்துடலாம்.”

“அவங்கிட்ட சொல்லிடட்டுமா?”

“சொல்லாதீங்க. அவனே படிக்கட்டும்.”