பதினேழாவது விண்மீனை எனக்குத் தெரியாது

எந்த அவசரத்துக்கும் "நிதானம்" என்ற ஒற்றைச் சொல்லையே மருந்தாகத் தருவதால் நிதானம் ஐயா என்றே எங்களால் அழைக்கப்படும் இயக்குநரே, இவ்விழாவின் தலைவரே. ஐந்தே நிமிடம் பேசுகிறேன் என்று எழுந்து ஐம்பதாவது நிமிடத்தில் அமர்ந்த எங்கள் பேராசிரியரே. முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே. மடியில் ஒன்றும் தோளில் ஒன்றுமாகச் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே. பிள்ளையின் பை எங்கே என்று அந்தத் தாய்மார்களையே கேட்டுக்கொண்டிருக்கும் தந்தைமார்களே. உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எங்கள் தொலைநோக்கி விண்ணுக்குப் போய் இன்றோடு ஐந்து ஆண்டுகள். அதன் சாதனைகளைப் பேசு என்றுதான் என்னை மேடையேற்றியிருக்கிறார்கள். சாதனைகளைப் பேராசிரியரே பேசி முடித்துவிட்டார். மிச்சம் இருப்பது ஒரு பொய். அது நான் சொன்ன பொய். பயப்படாதீர்கள் பேராசிரியர் ஐயா, உங்களையும் விடப்போவதில்லை.

அன்புக்குரியவர்களே, சூரியனைப் பார்க்கிறோம், சுடுகிறது. விண்மீனைப் பார்க்கிறோம், மினுக்குகிறது. ஆனால் விண்மீன்கள் வீசுகிற ஒளியெல்லாம் நம் கண்ணுக்கு வருகிறதா? வருவதில்லை. ஊதா நிறத்துக்கும் அப்பால், புற ஊதா என்றொரு ஒளி உண்டு. கொதிக்கிற விண்மீன்கள் அதைக் கொட்டுகின்றன. நம் காற்றுமண்டலமோ அதைத் தடுத்துவிடுகிறது. தடுப்பதால்தான் நம் தோல் பிழைத்திருக்கிறது. அந்த ஒளியைக் காண வேண்டுமென்றால் காற்றைத் தாண்டிப் போக வேண்டும். போயிருக்கிறது எங்கள் தொலைநோக்கி. கடுகளவு ஒளியையும் எண்ணி எண்ணிச் சேர்க்கும் கண் அதற்கு. ஆனால் அந்தக் கண்ணுக்கு ஒரு கவலை. அளவுக்கு மீறிய ஒளி ஒருமுறை பட்டால் போதும், கருகிவிடும். கருகினால் ஏணி வைத்து ஏறி மாற்ற முடியுமா? முடியாது. இருப்பது ஒன்றே ஒன்று. போனால் போனதுதான்.

ஆகவே எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அதை வாசிப்பு என்போம். எந்தத் திசையைப் பார்க்கப் போகிறோமோ, அங்கே அக்கம்பக்கத்தில் உள்ள விண்மீன்களுக்கெல்லாம் எண் போட்டுப் பேராசிரியர் ஒரு பட்டியல் தருவார். தொலைநோக்கியின் மூடியைத் திறக்கவும் அடைக்கவும் பொறுப்பானவர் ஒரு பொறியாளர். திறந்ததைவிட அடைத்ததே அதிகம் என்பதால் அவருக்கு மூடி அக்கா என்று பெயர். அக்கா ஒவ்வோர் எண்ணாக உரக்க வாசிப்பார். திட்டமிடும் நான், "தெரியும்" என்பேன். இந்த விண்மீன் புற ஊதாவில் எவ்வளவு பளிச்சிடும் என்று எனக்குத் தெரியும், இதனால் கண்ணுக்குக் கேடில்லை என்று அதற்குப் பொருள். பிறகு அக்காவும் "தெரியும்" என்று சொல்லிக் குறியிடுவார். இருவரில் ஒருவர் ஒரேயொரு முறை "தெரியாது" என்றாலும் மூடி திறக்காது.

எவ்வளவு அழகான வழக்கம், எவ்வளவு எளிமையான வழக்கம். அதை நான் எப்படிக் கெடுத்தேன் தெரியுமா?

மகள் பிறந்து, எட்டு மாதம் வீட்டிலிருந்து, மறுபடி வேலைக்கு வந்த முதல் வாரம். அறைக்கு அறை அன்பாக விசாரித்தார்கள். எல்லாம் ஞாபகம் இருக்கா என்றார் ஒருவர். கணக்கெல்லாம் மறந்திருக்குமே என்றார் இன்னொருவர். அதோ நான்காவது வரிசையில் சிரிக்கிறாரே, அவர்தான். அன்றைக்கே முடிவெடுத்தேன்: இனி இந்தக் கட்டடத்தில் என் வாயிலிருந்து "தெரியாது" என்ற சொல் வராது. தாய்மை என் தலையைக் கழற்றி வைத்துவிடவில்லை என்று காட்டியே தீர்வேன்.

அந்த வாரம் பார்த்து, தொலைவிலுள்ள ஒரு விண்மீன் வெடித்தது. வெடித்த புதிதில்தான் புற ஊதா பொங்கும். நாளுக்கு நாள் மங்கும். பதினோரு ஆண்டுகளாக அப்படியொரு முதல்நாள் ஒளிக்காகக் காத்திருந்தார் பேராசிரியர். காலையில் பட்டியல் வந்தது. பிற்பகல் மூன்று மணிக்குக் கட்டளை மேலே போக வேண்டும். அக்கா வாசிக்கிறார், நான் சொல்கிறேன். பதினைந்து, தெரியும். பதினாறு, தெரியும். பதினேழு.

பதினேழு ஓர் ஆரஞ்சு நிற விண்மீன். மங்கல், மந்தம், குளிர்ச்சி. பார்த்தால் பரம சாது. ஆனால் அதன் புற ஊதாக் கணக்கை நான் பார்த்ததாக நினைவில்லை. அக்கா நிமிர்ந்து பார்த்தார். பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் "தெரியும்" என்றேன்.

இரண்டேகால் மணிக்கு, கீழ்த்தளத்துக் குழந்தைகள் காப்பகத்தில் மகளைப் பார்க்கப் போனேன். அவளுக்கு முந்தின நாள் தொட்டுக் காய்ச்சல். பார்த்துக்கொள்ளும் பெண் என்னைவிட நாலு வயது சின்னவள். காலை மருந்து கொடுத்தாகிவிட்டதா, தெரியுமா என்று கேட்டாள். "தெரியும்" என்றேன், பழக்க தோஷத்தில். உண்மையில் தெரியாது. வீட்டுக்காரரைத் தொலைபேசியில் பிடித்தேன். இங்கேதான் இருக்கிறார், மூன்றாவது வரிசை, இப்போது கூரையை ஆராய்கிறார்.

"தெரியும்மா, கொடுத்துட்டேன்னு நினைக்கிறேன்" என்றார்.

அந்தப் பெண் கரண்டியைக் கீழே வைத்தாள். "நினைக்கிறேன்னா நான் கொடுக்க மாட்டேன்கா. ரெண்டு தடவை உள்ள போயிட்டா யார் பதில் சொல்றது? தெரிஞ்சா தெரியும்னு சொல்லச் சொல்லுங்க, இல்லாட்டி தெரியாதுன்னு சொல்லச் சொல்லுங்க."

அப்படியே கேட்டேன். ஐந்தாண்டு மணவாழ்வில் முதல்முறையாக என் வீட்டுக்காரர் "தெரியாது" என்றார். கைதட்டுங்கள், தாய்மார்களே, தாராளமாகத் தட்டுங்கள். வீட்டுக்கு ஓடிப்போய் மருந்துப் புட்டியைப் பார்த்துவிட்டு, கொடுத்திருக்கிறேன் என்று அவர் உறுதி சொல்லப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடமும் மகளை மடியில் வைத்துக்கொண்டு நான் நினைத்தது, வெட்கத்தோடு சொல்கிறேன், பதினேழை. ஒரு கரண்டி மருந்துக்கு இந்தப் பெண் கேட்கிற கேள்வியை, ஒரே ஒரு கண்ணுக்கு நான் கேட்டேனா?

கட்டுப்பாட்டு அறைக்குத் தொலைபேசி செய்தேன். கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? திறந்தாச்சா, திறந்தாச்சா என்று பேராசிரியர்தான் நிமிடத்துக்கொரு தரம் அதில் கேட்டுக்கொண்டிருந்தாரே. மகளை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு நாற்பத்திரண்டு படிகள் ஏறி ஓடினேன். மணி இரண்டு ஐம்பது.

"அக்கா, அந்தப் பதினேழு எனக்குத் தெரியாது."

"காலையில தெரியும்னியே?"

"பொய் சொன்னேன்கா."

திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா நாற்காலியிலிருந்து எழவில்லை. அவர் முகம்தான் மாறியது.

"நீ பார்த்திருப்பேன்னு நானும் தெரியும்னுட்டேன்டி" என்றார்.

பேராசிரியரை அழைத்தோம். வந்தார், வெகுண்டார். அது வெறும் ஆரஞ்சு விண்மீன், அதற்கா என் பதினோரு ஆண்டு என்றார். புற ஊதாவில் அதை யாராவது பார்த்திருக்கிறார்களா ஐயா என்று கேட்டேன். தம் காகிதங்களைப் புரட்டினார். முன்னிருந்து பின்னாகப் புரட்டினார், பின்னிருந்து முன்னாகப் புரட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் பார்ப்பீங்கன்னுதான் பட்டியல்ல போட்டேம்மா."

ஆக, அவர் எங்களை நம்பினார். அக்கா என்னை நம்பினார். நான் யாரும் சிரித்துவிடக் கூடாதே என்று பயந்தேன். மூன்று படித்த தலைகள், மூன்று "தெரியும்", விண்மீனைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

தலைவர் ஐயா வந்தார். என்ன சொன்னார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சரி, நீங்களே சொல்லிவிட்டீர்கள். நிதானம்தான். அக்கா கட்டளையை நிறுத்தினார். மூன்று மணி கடந்தது. வெடித்த விண்மீனின் முதல்நாள் ஒளி எங்கள் தலைக்கு மேலே கடந்தது. பேராசிரியர் சன்னலோரம் போய் வெளியே பார்த்து நின்றார். அவர் முதுகைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. விண்மீன் நிஜமாகவே சாதுவாக இருந்துவிட்டால்? ஒரு தாயின் படபடப்பு ஒரு மனிதரின் பதினோரு ஆண்டைத் தின்றுவிட்டது என்றல்லவா ஆகும்?

மறுநாள் காலை, இருப்பதிலேயே இருண்ட வடிகட்டியைக் கண்ணுக்கு முன் நிறுத்தி, இரண்டே நொடி, பதினேழை மட்டும் எட்டிப் பார்த்தோம். இருண்ட கண்ணாடி போட்டும் எண்ணிக்கை ஏறியது. நூறு, ஆயிரம், பல்லாயிரம். அந்தச் சாதுவின் முதுகுக்குப் பின்னால் ஒரு வெண்குள்ளன், அதாவது எரிந்து முடிந்தும் கொதிப்பு அடங்காத ஒரு குட்டி விண்மீன், ஒளிந்திருந்தது. உருவத்தில் சிறிது, உள்ளே உலை. வெறுங்கண்ணுக்குத் தெரியாது, புற ஊதாவில் எரிகிறது. மூடி திறந்திருந்தால், நண்பர்களே, இன்று ஐந்தாம் ஆண்டு விழா இல்லை. இந்த மண்டபத்தில் இரங்கல் கூட்டம் நடந்து முடிந்திருக்கும்.

பதினேழு பார்வைக்குள் விழாதபடி தொலைநோக்கியைச் சற்றே விலக்கித் திருப்பி, வெடித்த விண்மீனை ஓரத்தில் பிடித்தோம். இரண்டாம் நாள் ஒளி கிடைத்தது. முதல்நாள் ஒளி போனது போனதுதான். அந்த வருத்தம் பேராசிரியருக்கு இன்றும் உண்டு, அதை நான் மூடி மறைக்க மாட்டேன்.

பெரியோரே, என் போன்ற தாய்மார்களே, வேலைக்குத் திரும்பி வந்து, மறந்துவிட்டதாக நினைப்பார்களோ என்று மனத்துக்குள் மருகுகிறவர்களே. தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லத்தான் படித்தோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எந்தக் கல்லூரியில் பட்டம் கொடுத்தார்கள்? விண்ணிலே உள்ள கண்ணைக் காக்க விஞ்ஞானம் வேண்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குக் காத்தது விஞ்ஞானமா, விலை உயர்ந்த கருவியா? ஒரு சின்னப் பெண் கீழே வைத்த கரண்டி. ஓடி ஏறிய நாற்பத்திரண்டு படி. வெட்கத்தை விழுங்கிவிட்டு வெளியே வந்த ஒரு சொல்.

போன மாதம் ஒரு புதிய பட்டியல் வந்தது. அக்கா வாசித்தார். மூன்று, தெரியும். நான்கு என்றார். நான் வாயைத் திறக்கும் முன்பே, சுவரோரம் உட்கார்ந்திருந்த பேராசிரியர் தொண்டையைச் செருமினார்.

"அது எனக்குத் தெரியாதும்மா. உனக்கு?"

"எனக்கும் தெரியாது சார்."

"எனக்கும்தான்" என்று அக்கா பட்டியலை மடித்து வைத்தார். மூவரும் எழுந்து போய் நான்காம் விண்மீனின் கணக்கை ஒன்றாக உட்கார்ந்து போட்டோம். பாதி நாள் ஆனது. பேராசிரியர் ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மாலை நாலு மணிக்கு மூடி திறந்தது.

என் பொய்யைப் பொறுத்துக் கேட்ட பெரியோருக்கும், இடையிடையே அழுது என்னை முடிக்கச் சொன்ன பிள்ளைகளுக்கும் நெஞ்சார்ந்த நன்றி சொல்லி, கண் கெடாமல் இன்றும் வானைப் பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் தொலைநோக்கியின் சார்பில் உங்களை வணங்கி அமர்கிறேன்.