ஏழாம் கிணறு

— ஏழாம் கிணத்தையா? முப்பது வருஷமா மூடிக் கிடக்கிறதை இப்ப எதுக்குப் பாப்பா கிண்டுற?

— அது என் வேலை மாமா. அந்த எரிவாயு வயல் காலியாயிடுச்சு. ஃபேக்டரிப் புகையில இருந்து கார்பன் வாயுவைப் பிரிச்சு, பழைய குழாய் வழியாவே கடலுக்குக் கொண்டுபோய், அதே கிணறுகளுக்குள்ள அழுத்தி அடைக்கப் போறோம். மெஷினுக்குக் கரன்ட்டு பக்கத்துல நிக்கிற காத்தாடிங்கள்ல இருந்து வரும்.

— நாங்க உறிஞ்சி எடுத்த இடத்துக்கு நீங்க திருப்பி ஊட்டி விடுறீங்க. நல்ல பொழப்புதான், போ.

— சிரிக்காதீங்க. எந்தக் கிணறு தாங்கும், எது தாங்காதுன்னு நான்தான் சொல்லணும். கடல் நடுவுல இருக்கிற மேடையில பதினோரு பேர் வேலை செய்வாங்க. ஏழுல கருவியை இறக்கிப் பார்த்தோம். இரும்புக் குழாயைச் சுத்திப் போட்ட சிமென்ட்டுல கீழ இருந்து மேல வரைக்கும் இடைவெளி.

— பழைய சிமென்ட்டு. உப்புத்தண்ணி அரிச்சிருக்கும்.

— மத்த எட்டுக் கிணத்தை ஏன் அரிக்கல?

— கொஞ்சம் தண்ணி கொடு பாப்பா. தொண்டை காயுது.

— குடிங்க. ஏழுக்குச் சிமென்ட்டு போட்டது நீங்க. பதினெட்டு மணி நேரம் காத்திருந்து, இறுகிடுச்சான்னு பார்த்து, மறுநாள் காலைல ஆறு மணிக்குக் கையெழுத்துப் போட்டதா புக்குல இருக்கு. ஆனா முந்தின நாள் சாயங்காலம் நாலு மணி போட்டுல கரைக்கு வந்தவங்க லிஸ்ட்டுல உங்க பேரும் இருக்கு மாமா.

— போட்டு லிஸ்ட்டையெல்லாமா தேடுவீங்க?

— அப்பா பேர் இருக்கிற பேப்பர் எல்லாத்தையும் தேடினேன். ஏழாம் கிணத்து விபத்துல வால்வைத் தப்பாத் திறந்து, தானும் செத்து, இன்னும் மூணு பேரையும் கொன்னார்னு விசாரணையில எழுதி வச்சிருக்காங்க. எனக்கு அப்ப மூணு வயசு. குவார்ட்டர்ஸ்ல ஒரு பிள்ளை என்கூட விளையாட வராது. அம்மா கடைக்குப் போனா அங்க பேச்சு நின்னுடும். சொல்லுங்க மாமா, வாயு கசிஞ்சது அப்பாவாலயா?

— என்னத்தச் சொல்ல. சிமென்ட்டு போட்ட அன்னைக்குக் கடல் கொந்தளிக்கப் போகுதுன்னாங்க. அந்த போட்டை விட்டா அடுத்தது அஞ்சு நாள் கழிச்சுத்தான்.

— அதுக்கு?

— வீட்டுக்குப் போகணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான் பாப்பா, பெரிய காரணம் ஒண்ணும் கிடையாது. முன்கூட்டியே கையெழுத்தைப் போட்டு, இறுகிடுச்சு, வேலையை ஆரம்பிங்கன்னு சொல்லிட்டு ஏறிட்டேன். இறுகாத பச்சைச் சிமென்ட்டு. ரெண்டு வருஷம்தான் தாங்கிச்சு.

— அப்ப, அப்பா வால்வைத் தொடவே இல்லையா?

— தொட்டாரு. மாப்பிள்ளை அதை மூடத்தான் ஓடினாரு. மத்தவங்க எல்லாம் வெளிய ஓடும்போது அவரு உள்ள ஓடினாரு.

— இதை எழுதிக் கொடுங்க மாமா. கிணத்துக்கு என் கருவி சொன்னதே போதும். அப்பாவுக்கு நீங்க சொன்னாத்தான் உண்டு.

— கொடுக்கிறேன். இத்தனை வருஷம் என் தங்கச்சி கையால சாப்பிட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். என்னால முடியல பாப்பா. பேப்பரைக் கொண்டா.

— அம்மா, அடுப்பை அணைச்சுட்டு இங்க வா. மாமா சொல்றதை நீயும் கேளு.

— கேட்டுச்சு. அடுப்படிக்கும் ஹாலுக்கும் எவ்வளவு தூரம்.

— அழாதம்மா. இனிமே அப்பாவை யாரும் அப்படிச் சொல்ல முடியாது.

— அண்ணே, பேனாவைக் கீழ வைங்க.

— விடும்மா. எழுதிடறேன்.

— ஏம்மா தடுக்கிற? அப்பாவை விட உனக்கு உங்கண்ணன் பெருசாப் போயிட்டாரா?

— விபத்து நடந்த மறுநாளே எல்லாத்தையும் ஒப்புக்கப் போறேன்னு கிளம்பினவருதான் உன் மாமா. போனவரு திரும்பி வரமாட்டாரு, நீங்களும் ஜெயிலுக்குப் போயிட்டா இதை யாரு படிக்க வைப்பான்னு உன்னைத் தூக்கி அவரு மடியில வச்சு, பழி உங்கப்பா மேலயே கிடக்கட்டும்னு சொன்னது நான்தான்.