கம்பின் நுனியில் ஒரு பந்து

பந்து மஞ்சள் நிறம். பச்சை என்று உங்கள் குழந்தைகள் நல அலுவலகக் கோப்பில் ஒருவர் சொல்லியிருக்கிறார். படப்பிடிப்பில் பச்சைத் திரைக்கு முன்னால் பச்சைப் பந்தை வைத்தால் கிராபிக்ஸ்காரர்கள் அதையும் சேர்த்துத் துடைத்துவிடுவார்கள். சின்ன விஷயம்தான். ஆனாலும் வாக்குமூலம் என்று வந்தபின் எல்லாம் சரியாக இருக்க வேண்டும் இல்லையா மேடம். எதையும் நோட்டில் குறித்து வைக்கிற ஆள் நான். குறித்தது சரிதானா என்று அடுத்த பக்கத்தில் சந்தேகப்படுகிற ஆளும் நான்தான்.

வாண்டுவுக்கு நான் சித்தி. அவளுடைய அம்மா, அதாவது என் அக்கா, வேறு ஊரில் நர்ஸ். லீவு கிடைக்காத வேலை. அதனால் படப்பிடிப்பு முடியும்வரை ஒன்பது வயது வாண்டு என் வீட்டில், என் பொறுப்பில். என்னிடம் நடிப்புப் பயிற்சிச் சான்றிதழ் இருப்பதால் அவளுக்கு நடிக்கச் சொல்லித்தருவதும் என் பொறுப்பு. ஆறு மாத மாலை வகுப்பு அது. இரண்டு நாள் ஜலதோஷத்தால் போகவில்லை. அந்த இரண்டு நாளில் என்ன சொல்லித்தந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முக்கியமானது எல்லாம் அந்த இரண்டு நாளில்தான் நடந்திருக்கும் என்று பலமுறை தோன்றியிருக்கிறது.

படம் ஒரு புத்தகத்திலிருந்து எடுப்பது. ஒரு சிறுமி, சிறகன் என்ற பறக்கும் விலங்கின் முதுகில் ஏறிக்கொண்டு, திருடுபோன காற்றுகளை மீட்டு வரப் போகிறாள். முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் சிறகன் அவள் மடியில் இறந்துபோகிறான். என் பிரதியில் அந்த ஒரு பக்கம் மட்டும் உப்பிப்போய் இருக்கும். எத்தனை தடவை நனைந்தது என்று கணக்கில்லை.

வாண்டுவைத் தேர்ந்தெடுத்தது முகத்துக்காக. அட்டைப்படத்துச் சிறுமியே இறங்கி வந்த மாதிரி இருந்தாள். அட்டைப்படத்துச் சிறுமிக்கும் நடிக்க வராது என்பது யாருக்கும் தோன்றவில்லை. "போகாதே சிறகா, நீ போனால் நான் யாரோடு பறப்பேன்" என்ற வசனத்தை, வண்டி மூன்றாவது நடைமேடைக்கு வந்துகொண்டிருக்கிறது என்று அறிவிப்பது போலச் சொன்னாள். வெட்கப்பட்டால் பயந்த முகம். பயந்தால் தும்மல் வரப்போகிற முகம். சந்தோஷத்துக்கு மட்டும் தனியாக ஒன்று வைத்திருந்தாள், அது பல் டாக்டரிடம் காட்டுகிற முகம்.

இதில், சிறுமி காற்றுகளோடு அவற்றின் பாஷையில் பேசுகிற காற்று மொழிக் காட்சி வேறு. புத்தகத்தில் படிக்கும்போது உடம்பு சிலிர்க்கும். கேமராவுக்கு முன்னால் அதுவே, நீலப் போர்வை கட்டிய ஒரு குழந்தை கண்ணாடி துடைப்பது போலக் கையை ஆட்டிக்கொண்டு "ஊஷ் ஊஷ் மா" என்று சுற்றிவருவதாக ஆகிவிட்டது. யாரோ அதை மொபைலில் பிடித்து வெளியே விட்டார்கள். மூன்று நாளில் ஊரே பார்த்தது. ஒருவர் தன் வாஷிங் மெஷின் சுற்றுகிற வீடியோவுக்கு அந்தக் குரலைப் பொருத்தியிருந்தார். நன்றாகப் பொருந்தியிருந்தது, அதையும் சொல்ல வேண்டும். பரீட்சை எழுத, இந்த ஊரில் தற்காலிகமாகச் சேர்த்திருந்த பள்ளிக்கூடம் போன வாண்டு, கூடுதல் தாள் கேட்டுக் கையைத் தூக்கியிருக்கிறாள். பின்பெஞ்சு முழுக்க ஊஷ்.

வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "சித்தி, நான் பெரியவளாகி டாக்டராயிட்டாக்கூட ஊஷ்னுதான் கூப்பிடுவாங்களா?"

அன்றைக்குத்தான் டைரக்டர் என்னைத் தனியாக அழைத்தார். "இங்க பாரும்மா, பாப்பா தங்கமான பாப்பா. ஆனா கண்ணுல ஒண்ணுமே இல்ல. மூணு வாரம் கழிச்சு வெள்ளிக்கிழமை சிறகன் சாவுற சீன். அழுதா இருப்பா. இல்லேன்னா மாத்திடுவேன். வருத்தப்படாதே."

மாற்றுவதற்கு ஆள் தயாராக இருந்தது. இருமல் மருந்து விளம்பரத்தில் வருகிற குழந்தை. யூனிட்டில் அதற்குக் கண்ணீர் டேங்கர் என்று பெயர். உன் பெயர் என்ன என்று கேட்டாலே அழுமாம். அந்தக் குழந்தை வந்தால் வாண்டு நடித்ததெல்லாம் குப்பைக்குப் போகும். உலகத்தில் அவளுடையது என்று மிஞ்சப்போவது அந்த ஊஷ் ஒன்றுதான். நான் செய்ததை எடைபோடும்போது இதைத் தராசின் ஒரு தட்டில் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஒழுங்கான வழிகளைத்தான் முதலில் முயன்றேன். கிளிசரின் போட்டால் அவளுக்குக் கண் வீங்கிப் புத்தகத்தில் இல்லாத ஒரு விலங்கு மாதிரி ஆகிவிடுகிறது. மனதில் இருக்கும் உண்மையான சோகத்தைத் தோண்டி எடுக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். உனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் எது என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்து, "பென்சில் சீவறப்ப மொனை உடையறது" என்றாள். அக்கா பெண்ணை அவ்வளவு சந்தோஷமாக வளர்த்திருக்கிறாள். அக்காவின் மேல் எனக்கு அன்று கொஞ்சம் கோபம் வந்தது உண்மை.

பிறகுதான் புரிந்தது, தப்பு குழந்தைமேல் இல்லை. சிறகன் என்று எதுவும் அங்கே கிடையாது. அவனைப் பிறகு கம்ப்யூட்டரில் செய்துகொள்வார்கள். படப்பிடிப்பில் இருப்பது ஒரு கம்பு, நுனியில் ஒரு டென்னிஸ் பந்து. சிறகனின் கண் இருக்கவேண்டிய உயரத்தில் அதைப் பிடித்துக்கொள்வதற்கென்று ஒருவர், நாங்கள் அவரைக் கம்பு அண்ணன் என்போம். அந்தப் பந்தைக் காட்டி, இதோ உன் உயிர் நண்பன் சாகிறான், அழு என்றால் நீங்கள் அழுவீர்களா? நானும் அழமாட்டேன். பந்து யாரோ ஒருவராக இருந்தால்தானே அழ முடியும். அவ்வளவுதான் என் யோசனை.

யூனிட் பந்தை வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். கடையில் கேட்டேன். பன்னிரண்டு கொண்ட பெட்டியாகத்தான் தருவேன் என்றார் கடைக்காரர்.

முதல் நாள் பந்தைச் சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலியில், மூன்று தலையணைக்கு மேல் உட்காரவைத்துத் தட்டும் வைத்தேன். வாண்டு பந்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி பந்தைப் பார்த்தாள். நான்காம் நாள் தானாகவே அதற்கு உருண்டை என்று பெயர் வைத்தாள். ஆறாம் நாள் அவள் தலையணைக்கு அடியில் உருண்டையிடமிருந்து கடிதம் வந்தது. 'எனக்குக் கை இல்லாததால் எழுத்து இப்படி இருக்கிறது, மன்னிக்கவும்' என்று தொடங்கும். இடது கையால் எழுதினேன். ஒன்பதாம் நாள் உருண்டைக்குக் காய்ச்சல். வாண்டு விளையாடப் போகாமல் ஈரத்துணி போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இடையிடையே நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள். 'நோயாளியின் நிலைமையை என் முகத்தில் தேடுகிறாள், நல்ல முன்னேற்றம்' என்று குறித்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் அக்கா போன் செய்தாள்.

"ஏண்டி, பந்துக்கு எதுக்குடி ஸ்வெட்டரு?"

"குளுருதுன்னு சொன்னான்க்கா."

"யாருடி சொன்னா?"

"வாண்டுதான். அவன் சார்பா."

"எம் பொண்ணு படிக்கறாளா இல்லையா? ரெண்டு பேரும் சேந்து என்ன கூத்தடிக்கறீங்க அங்க?"

நடிப்புப் பயிற்சி என்றேன். ஒரே ஒரு ஸ்வெட்டர்தான் பின்னினேன் என்றும் சொன்னேன். அது பொய். பன்னிரண்டு பின்னினேன்.

கடைக்காரர் விஷயத்தையும் திருத்திவிடுகிறேன். அவர் ஒற்றைப் பந்தும் தருவார். பெட்டியாகக் கேட்டது நான்தான். மீதிப் பதினொன்றையும் தினம் ஒரு மணி நேரம் சுவரில் தேய்த்து, வாண்டு முத்தம் கொடுத்து ரோமம் படிந்த இடத்தை அதே இடத்தில் படியவைத்து, காய்ச்சல் மருந்து சிந்திய கறையை அளவெடுத்து எல்லாவற்றிலும் வைத்தேன். ஒரு பெரிய காட்சி ஒரே டேக்கில் ஓகே ஆகாது. சினிமாவில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை உருண்டையை ஸ்வெட்டரோடு கம்பின் நுனியில் பொருத்தினோம். "தம்பி சாப்டாராம்மா?" என்று கம்பு அண்ணன் வாண்டுவிடம் கேட்டார். வாண்டு உருண்டையைப் படப்பிடிப்புக்கும் தூக்கிக்கொண்டு வருவாள், அவரும் தினமும் கேட்பார். மலை மாதிரி ஆள், கம்பை இரண்டு கையாலும் பூங்கொத்தைப் போலப் பிடிப்பார். நான் கேமராவுக்குப் பக்கத்தில் முழங்கைவரை பச்சைக் கையுறை போட்டுக்கொண்டு நின்றேன். பச்சையாக இருப்பது எதுவும் படத்தில் இருக்காது. துணி வெட்டுகிற கத்தரிக்கோலின் பிடியிலும் பச்சைத் துணி சுற்றியிருந்தேன்.

சிறகனின் மூச்சு நிற்கவேண்டிய இடத்தில் நான் கையை நீட்டி முனையை இறக்கினேன். ரப்பரில் பெரிய சத்தம் வராது. உள்ளே அடைந்திருந்த காற்று வெளியேறும்போது சின்னதாக ஒரு மூச்சு வரும். அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வீட்டில் ஒத்திகை பார்த்திருக்கலாம், ஆனால் பன்னிரண்டுதானே இருந்தது.

வாண்டு அழுதாள். நான் அப்படி ஒரு அழுகையைப் பார்த்ததில்லை. முதலில் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பிறகு உருண்டையைக் கம்பிலிருந்து பிடுங்கி ஸ்வெட்டரோடு சேர்த்து வயிற்றில் அழுத்திக்கொண்டு, பந்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்து அழுதாள். முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் அப்படியே இருந்தது. கேமராக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டதில் ஃபோகஸ் போய்விட்டது. ஒன் மோர் என்றார் டைரக்டர்.

திரைக்குப் பின்னால் போய் இரண்டாவதை எடுத்து வந்தேன். "வாண்டு, பொழச்சிட்டான்டா. தையல் போட்டுட்டேன்" என்றேன். வாங்கி அணைத்துக்கொண்டாள்.

இரண்டாவது டேக்கில் மைக் உள்ளே தெரிந்துவிட்டது. மூன்றாவதில் கம்பு அண்ணனின் விசும்பல் பதிவாகிவிட்டது. நான்காவதற்கு அவர் கம்பைத் தரையில் வைத்துவிட்டார். "நானும் புள்ள பெத்தவன்மா. என்னால முடியாது" என்று வெளியே போனார். லைட் தூக்குகிறவர் வந்து பிடித்தார். ஒவ்வொரு முறையும் பிழைத்துவிட்டான் என்று சொல்லி அவள் கையில் கொடுத்தேன், ஒவ்வொரு முறையும் வாங்கிக்கொண்டாள், ஒவ்வொரு முறையும் அழுகை முன்னதைவிட நன்றாக இருந்தது. ஏழாவதற்குப் பிறகு என் பக்கத்தில் வந்து, "சித்தி, இந்த வாட்டி சரியா வந்துச்சா? போதுமா?" என்று மெதுவாகக் கேட்டாள். 'நண்பனின் மரணம் வீணாகக் கூடாது என்று நினைக்கிறாள்' என்று எழுதியிருக்கிறேன். பதினொன்றாவது ஓகே ஆனது. டைரக்டர் எழுந்து நின்று கைதட்டினார். கண்ணீர் டேங்கரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கம்பு அண்ணன் உங்களிடம் புகார் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் கொடுத்திருப்பேன், பந்தின் நிறத்தைச் சரியாகச் சொல்லி.

நேற்று நீங்கள் வாண்டுவைத் தனியாக உட்காரவைத்து, பிஸ்கட் கொடுத்து விசாரித்ததைக் கோப்பின் நான்காம் பக்கத்தில் படித்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். 'பந்துன்னு எனக்குத் தெரியும் ஆன்ட்டி. சித்திதான் நெஜம்னு நெனச்சுட்டாங்க. லெட்டர அவங்களே எழுதி வெச்சுட்டு, நான் படிக்கறப்ப எம் மூஞ்சியவே பாத்துட்டு நிப்பாங்க. பாவமா இருந்துச்சு. அதான் நானும் சேந்து வெளையாடுனேன்.' ஏன் அழுதாய் என்றதற்கு, 'கத்திரிக்கோல் வெச்சிருந்தப்ப சித்தி மூஞ்சி வேற மாதிரி இருந்துச்சு. நல்லா அழுதா நிறுத்திடுவாங்கன்னு நெனச்சேன். நிறுத்தல. அப்பறம் இன்னும் நல்லா அழுதேன்.'

குழந்தைக்கு எல்லாம் தெரியும், இது விளையாட்டுதான் என்று நானும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் கோப்பை மூடிவிடலாம், இன்றே அவளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்கிறீர்கள். உங்கள் நல்ல மனது எனக்குப் புரிகிறது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவள் காலாட்டிக்கொண்டிருப்பது கதவுக்குக் கீழே தெரிகிறது. அந்தத் தாளை மூன்று முறை படித்தேன். என்னால் போட முடியாது.

யோசித்துப் பாருங்கள். மூன்று வாரம் என் வீட்டில், என் மேசையில், என் கண்ணெதிரில் ஒரு குழந்தை நடித்தது, சான்றிதழ் வைத்திருக்கிற நான் அதைக் கண்டுபிடிக்கவில்லை என்று அந்தத் தாள் சொல்கிறது. அப்படியானால் இத்தனையும் எதற்கு? வாண்டுவுக்கு நடிக்க வராது என்பதற்கு இரண்டு வாரப் படச்சுருள் சாட்சி, டைரக்டர் சாட்சி, அந்த வாஷிங் மெஷின் சாட்சி. நடிக்க வராத குழந்தை நம்பித்தான் அழுதிருக்க வேண்டும். உங்களிடம் அப்படிச் சொன்னது என்னைக் காப்பாற்ற. அதையும் எவ்வளவு மோசமாகச் சொல்லியிருக்கிறாள், பாருங்கள்.

ஆகவே இப்படி எழுதிக்கொள்ளுங்கள். அவள் உயிராக நேசித்த ஒருவனை, அவள் முழுக்க நம்பிக்கொண்டிருக்கும்போதே, முன்கூட்டித் திட்டமிட்டு, பதினோரு முறை கொன்றேன். யாரும் தூண்டவில்லை. இதில் போடுகிறேன் கையெழுத்து.

பன்னிரண்டாமவனைச் சாட்சிப் பொருள் என்று பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறீர்கள். சட்டத்துக்கு விரோதமில்லை என்றால் பையின் வாயைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

இன்றைக்குச் சித்தியோடு வீட்டுக்குப் போக முடியாது என்று வாண்டுவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் மேடம். அழுவாள். நிஜமாகத்தான் அழுகிறாளா என்று சந்தேகம் வந்தால் என் நோட்டின் முதல் பக்கத்தைப் பாருங்கள், பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன், அந்தக் குழந்தைக்கு நடிக்க வராது.