சிலுவையடியில் ஜப்பான் துப்பாக்கி

என் பெயர் சூசைமாணிக்கம். வயது இருபது. தகப்பனார் பெயர் மரியசெல்வம். இருப்பு கொடைக்கானல், கோயில் மேடு. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். லாரி, ஓட்டல் எதிலும் நிலைக்காமல் இப்போது ஏரிக்கரையில் குதிரை ஓட்டுகிறேன். அடைக்கலராஜைக் கொல்லப் பார்த்தேன் என்று என்மேல் புகார். அது பொய்.

நேற்று 24.3.1978, பெரிய வெள்ளி. மூடுபனி இறங்குமுன் முடிப்பதற்காக இயேசுவின் பாடுகளைக் காட்டும் எங்கள் பாஸ்கா நாடகத்தைப் பகலிலேயே போடுவோம். ஓட்டலில் ரூம் பாயாக இருக்கும் அடைக்கலராஜ் இயேசு. இயேசுவின் விலாவில் குத்தும் ரோமைச் சிப்பாய் நான். இயேசு வேடம் கேட்டேன், கிடைக்கவில்லை. "ஒரு சோலியில நிக்க மாட்ட, சிலுவையில மட்டும் நின்னுருவியாக்கும்?" என்றான் அடைக்கலராஜ். "நீ பெட்ஷீட் மாத்துற இயேசுதானலே" என்றேன். தகராறு அவ்வளவுதான்.

குளிருக்காக இயேசு வேடக்காரர் டீத்தண்ணீரில் தோய்த்துத் தோல் நிறமாக்கிய பனியன் போடுவது வழக்கம். அதற்குள் விலாவில் ஒரு பலகை, அதன்மேல் சாயம் நிரப்பிய ஆட்டு மூத்திரப்பை. போன வருடம் மரஈட்டியால் பை கிழியவில்லை. "ரத்தம் எங்கலே?" என்று சனம் சிரித்தது. ஆகையால் இம்முறை, உபகாரம் என்கிற என் பெரியப்பா பர்மா சண்டையிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் துப்பாக்கியை வாங்கினேன். அதற்கு போல்ட் கிடையாது, சுடாது. மேலே இருந்த ஜப்பான் ராஜாவின் செவ்வந்திப்பூ முத்திரையையும் அரம் போட்டுத் தேய்த்திருந்தார்கள். அதன் முனையில் மாட்டும் கத்தியை மூங்கிலில் கட்டினால் ஆடியது. எனவே துப்பாக்கியிலேயே மாட்டி, சாக்கு சுற்றி, கறுப்பு அடித்தோம். ஆளுயர ஈட்டி மாதிரியே இருந்தது. ஒத்திகையில் கத்தி பலகையில் இடித்து நின்றது.

நேற்றும் அதே வேகத்தில்தான் குத்தினேன். கத்தி நிற்காமல் உள்ளே போனது. சாயத்தோடு ஆவி பறக்கத் தண்ணீரும் கொட்டியது. "ஏலே சூசை, சுடுதுடா! நெசமாவே குத்திட்டடா!" என்று அலறினான். வேதத்தில் உள்ளபடி இரத்தமும் தண்ணீரும் வந்துவிட்டதென்று சனங்கள் முழங்காலில் விழுந்து அழுதார்கள். உதவிக்கு ஒருவரும் வரவில்லை. அதன்பிறகு நான் கத்திப்பிடியின் பொத்தானை அமுக்கித் துப்பாக்கியிலிருந்து கத்தியைக் கழற்றி, சிலுவையில் ஏறி, அவன் கையைக் கட்டியிருந்த கயிற்றை அறுத்தேன். அந்தக் கத்திக்கு நுனிதான் கூர், வாய் மழுங்கல். வழுக்கி மணிக்கட்டில் பட்டது. இரண்டாம் முறையும் குத்தியதாகச் சாட்சிகள் சொல்வது இதைத்தான். அதன்பிறகு அவனை முதுகில் சுமந்து ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் நானே. காயம் ஆழமில்லை என்று டாக்டர் சொன்னார்.

பலகை இருந்தது, நான் வேண்டுமென்றே ஓரமாகக் குத்தினேன் என்கிறான் அடைக்கலராஜ். பலகை இல்லை. குளிர் தாங்காமல் அதை எடுத்துவிட்டு, ஓட்டலில் வெள்ளைக்காரர்களுக்குக் கொடுக்கும் வெந்நீர் ரப்பர் பையைச் செருகியிருக்கிறான். வேலை போய்விடும் என்று மறைக்கிறான். கிழிந்த பை சிலுவைக்குக் கீழே கிடந்தது. எடுத்துவந்து ஸ்டேஷனில் ஒப்படைத்திருக்கிறேன். ஓட்டல் முதலாளிக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். நடுவில், 'ஆத்திரத்தில் குத்தினேன்' என்று ஒரு வரி இருந்தது. "நான் சொல்லலையே ஏட்டையா" என்றேன். "சும்மா ஒரு வரிதானப்பா" என்றார். "எனக்கு அதான் ஜெயிலு" என்றேன். அந்த வரி என் முன்னால் அடிக்கப்பட்டது. அடித்த இடத்திலும் கீழேயும் என் கையெழுத்து உள்ளது. மீதமுள்ளவை என் வாயால் சொன்னவை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
ம. சூசைமாணிக்கம்
25.3.1978