குளிரில் திக்கும் வண்டி

உங்கள் ஸ்டேஷன் ஜீப் காலையில் கிளம்பும்போது ஏட்டையா சோக்கைக் கொஞ்சம் கூடுதலாக இழுக்கிறார். பெட்ரோல் வீண், பிளக்கும் கரி பிடிக்கும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது காதில் விழுந்தது, அதனால் சொல்கிறேன். மற்றபடி ஜீப் தங்கம்.

என் பெயர் சூசை. ஓசூரில் கிருஷ்ணகிரி ரோட்டோரம் பதினோரு வருடமாக மோட்டார் பட்டறை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நடந்த விபத்துக்காக லாரி டிரைவர் முனிவேலை உள்ளே உட்கார வைத்திருக்கிறீர்கள். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. அதைச் சொல்லத்தான் நானாக வந்தேன். யாரும் இழுத்துக்கொண்டு வரவில்லை. சொல்லிவிடுவது என்று முடிவு செய்ததிலிருந்து மனம் துள்ளுகிறது இன்ஸ்பெக்டர் சார். வரும் வழியில் ஆறு இட்லி சாப்பிட்டேன். பரிமாறிய பையன், "என்னண்ணா, வூட்ல விசேஷமா?" என்று கேட்டான். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

யேசுராஜ் ஐயாவின் கறுப்புக் காரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழைய சீமை வண்டி. தளியில் கோசுத் தோட்டம், ரோட்டுக்கு மேலே சந்தில் வீடு, ஞாயிறு தவறாமல் விடிகாலைப் பூசை. அக்டோபரில் குளிர் இறங்கியதும் அந்த வண்டி திக்க ஆரம்பித்தது. ஸ்டார்ட் ஆகும், நின்ற இடத்தில் சமர்த்தாக ஓடும். கியர் போட்டு மிதித்தால் மட்டும் மூன்று நொடி மூச்சடைத்து நிற்கும், பிறகு இழுக்கும். கார்புரேட்டருக்குள் ஒரு குட்டி பம்பு உண்டு. மிதித்த உடனே ஒரு சொட்டு பெட்ரோலைக் கூடுதலாகப் பீய்ச்சுவது அதன் வேலை. அதற்குள் நாலணாக் காசு அளவில் ஒரு தோல் வாஷர். அது காய்ந்துவிட்டால் பீய்ச்சாது. எஞ்சின் சூடாகிவிட்டால் குறையே தெரியாது. இத்தனையும் பானெட்டைத் திறக்காமல், காதால் கேட்டே சொன்னேன்.

ஐயா நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமும் உண்டு. அவர் விடிகாலையில் அரைத் தூக்கத்தில் ஓட்டுகிறவர். திக்கினால் தன் கால்தான் தடுமாறியது என்று நினைத்துக்கொள்வார். பட்டறைக்குக் கொண்டு வருவதோ பத்து மணிக்கு மேல், சூடாக. அப்போது எப்படித் திக்கும்? பிறகு பெங்களூருக்கே ஓட்டிப் போய்க் காட்டினார். இருபத்தைந்து மைல் ஓடி வெந்துபோன எஞ்சினைப் பார்த்து, அந்த மெக்கானிக் "ஏனூ இல்ல சாமி" என்று கன்னடத்தில் கையை விரித்துவிட்டான். ஒன்றும் இல்லையாம்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கோயில் வாசலில் நிற்கும்போது ஐயா என்னைக் கூப்பிட்டார். "வண்டில ஒண்ணும் இல்லியாமே சூசை. உன் காதுலதான் வாஷர் போயிடுச்சாட்டம் இருக்குது" என்றார். கோயிலே சிரித்தது. சாமியாரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று முதல் சந்தையில் வெங்காயம் விற்கும் சம்பங்கிகூட, "அண்ணா, காது சொகமா?" என்று கேட்பாள். நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. அது நவம்பர் மூன்றாம் தேதி, காலை ஏழே கால் மணி.

என்னை நம்பியது ஒரே ஒருவர், ஐயாவின் சம்சாரம் ஜெபசீலியம்மா. டிசம்பர் பதினான்காம் தேதி சனிக்கிழமை, ஐயா கோசு லோடு ஏற்றும் லாரியிலேயே தளிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, எனக்கு ஆள் அனுப்பினார்.

"சூசைண்ணா, அவருகிட்ட சொல்லிறாதீங்க. அந்தத் தோலை மாத்திக் குடுத்துருங்க. ரோட்டுல எறங்கும்போது திக்குச்சுன்னா எனக்கு உசிரே போயிடுது" என்றார். காப்பியும் கொடுத்தார்.

புதுத் தோல் ஒரு மாதமாக என் சட்டைப்பையில்தான் இருந்தது, எண்ணெயில் ஊறவைத்து. பம்பைக் கழற்றினேன். உள்ளே பழைய தோல் காய்ந்து, ஓரத்தில் வெடித்து, நான் சொன்னது சொன்னபடியே இருந்தது. எனக்குக் கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. அப்புறம்தான் யோசித்தேன். இதை இப்போது மாற்றிவிட்டால் வண்டி திக்காது. திக்காவிட்டால், பார்த்தாயா, எந்த நாளும் திக்கவே இல்லை என்பார் ஐயா. செத்தாலும் என் காதுக்கு விடிவு இல்லை. பழைய தோலையே திரும்பப் போட்டு மூடினேன்.

"மாத்திட்டேம்மா. இனிமே தைரியமாப் போங்க" என்றேன்.

"ஆண்டவர் ஆசீர்வதிப்பாருண்ணா" என்றார்.

மறுநாள் ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சந்து முனையில் போய் நின்றேன். நீட்டிய கை தெரியாத பனி. நம் பக்கத்தில் பனிக்காலத்தில் ரோட்டோரம் நிற்கிறவன்தான் வண்டிக்குக் கண். அவன் ரைட் கொடுத்தால் இறங்குவார்கள். முனிவேலின் லாரி தினமும் அந்த நேரத்துக்குக் கிருஷ்ணகிரி போகும். பாலத்தில் கியர் மாற்றும் சத்தம் கேட்டால், சந்துக்கு வர ஏழு நொடி. நல்ல வண்டி ரோட்டைத் தாண்ட ஐந்து நொடி போதும். முந்தின வாரமே நாலு நாள் கைக்கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஐயா தலையை வெளியே நீட்டினார். "யாரு, சூசையா? ரோட்டுல ஏதாச்சும் வருதாப்பா?"

பாலத்தில் கியர் மாறியது. என் காதில் தெளிவாக விழுந்தது.

"ஒண்ணும் இல்லீங்கய்யா. ரைட், ரைட்" என்று கையை அசைத்தேன்.

சந்து சரிவு. பிரேக்கை விட்டதும் வண்டி தானாக உருண்டு நடு ரோட்டுக்கு வந்தது. ஐயா மிதித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. அதே திக்கல் சார், ஒரு நொடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பின் சீட்டில் ஜெபசீலியம்மா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. நான் சொல்லவில்லையா என்கிற மாதிரி அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அப்புறம் லாரி வந்தது.

ரைட் கொடுக்காமல் இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வண்டி நன்றாக இருக்கிறது என்று ஒன்றரை மாதமாக ஊர் முழுக்கச் சொன்னது அவர். நன்றாக இருந்த வண்டியென்றால் தாண்டியிருக்குமே.

இத்தனைக்கும் பிறகு நான் பேசாமல்தான் இருந்தேன். ஆனால் யேசுராஜ் ஐயா கால் முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, உங்களிடம் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார்? "என் வண்டி நல்லாத்தான் இருந்துச்சு, லாரிக்காரன்தான் கண்ணு மண்ணு தெரியாம வந்தான்" என்று. முனிவேலும் அழுதுகொண்டே தன் தப்புதான் என்கிறானாம். ஆளாளுக்குப் பொய்.

அடி பின்பக்கம்தான் பட்டிருக்கிறது, எஞ்சினுக்குச் சேதம் இல்லை. வண்டி உங்கள் வளாகத்தில்தான் நிற்கிறது. நாளை வெயில் ஏறும் முன் ஐயாவைக் கட்டிலோடு தூக்கி வரச் சொல்லுங்கள். அவர் கண் முன்னால் பம்பைத் திறந்து காட்டுகிறேன். பிறகு எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். விபத்துக்குக் காரணம் என்ற இடத்தில் மட்டும் தோல் வாஷர் என்று எழுதுங்கள்.

உங்களுக்கு இவ்வளவு சிரமம் வந்திருக்கவே வேண்டாம். ஜெபசீலியம்மா மட்டும் உயிரோடு இருந்திருந்தால், எனக்காகச் சாட்சி சொல்லியிருப்பார்.